டீஃபால்ட்

பகலில் அந்தச் சொல்லுக்கு முகவரி உண்டு:
சர்வே எண், சிட்டா, ஜாமீன்தார் கையெழுத்து.
நன்னிலம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில்
மூன்றாவது மேசை என்னுடையது.
குறுவைக் கடன் கட்டாதவர் பெயரையெல்லாம்
தகவல் பலகையில் ஒட்டுவது என் வேலை.
பசை காய்வதற்குள்
யாராவது வந்து தன் பெயரை மட்டும்
நகத்தால் சுரண்டிவிட்டுப் போவார்.
நான் ரசீதுப் புத்தகத்தில் குனிந்துகொள்வேன்.

இரவில் அதே சொல்
என் மடிக்கணினியில் வேறு வேலை பார்க்கிறது.
இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்.
விலை இல்லை, பூட்டு இல்லை,
யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்,
திருத்தலாம், திட்டும் வாங்கலாம்.
நான்கு வருடமாக அதில்
நானும் ஒரு மூலையைப் பெருக்குகிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து இருதயராஜ் அழைத்தார்.
கல்யாணத்துக்கு பேண்ட் செட், கிளாரினெட்.
ஞாயிறு என்றால் கோயில் பாடற்குழு.
"மேடம், அஞ்சு கோட்டுக்குக் கீழ
'கொடு'ன்னு அடிக்கிறேன்.
கொம்பு தனியா, கால் தனியா,
நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வருது.
பசங்க அந்த வட்டத்தையும் பாடுறாங்க."
"எப்படி?"
"ஓ-ன்னு."

அதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது.
வடிவமைப்பு, பாணி, பாடல்வரி, மேம்பட்டவை,
கடைசிவரை கீழே இழுத்தால்
ஒரு சின்னக் கட்டம். அதில் டிக்.
கட்டத்தைச் செய்ததே நான்தான் என்றேன்,
கொஞ்சம் பெருமையாக.
அவர் பேசவில்லை.
பின்னால் யாரோ டிரம்பெட்டிலிருந்து
எச்சிலை ஊதித் தள்ளும் சத்தம்.
"மருந்த வாங்கி
அலமாரியிலயே வச்சிருந்தீங்களாக்கும்."

கடைமடைக்காரர்கள் சங்கத்துக்கு வந்து
இந்தக் குரலில்தான் பேசுவார்கள்.
மேட்டூரில் திறந்தாயிற்று, கல்லணையில் திறந்தாயிற்று,
பூத்தூவிய படமும் பேப்பரில் வந்தாயிற்று.
அவர்கள் வாய்க்காலில்
நண்டு வளை வாய்பிளந்து கிடக்கும்.

மறுநாள் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்.
'இல்லை' என்றிருந்ததை 'ஆம்' என்று.
மூன்றெழுத்து போய் இரண்டெழுத்து.
அது ஊருக்குள் வர
பதினோரு வாரம் ஆனது.

பெர்கனில் ஓலாவ் என்று ஒருவர்.
முப்பது வருடத்துப் பாட்டுகளை வைத்திருக்கிறார்.
இதைத் திறந்துவிட்டால்
எழுத்தின் அகலத்தை அளக்கும் விதமே மாறும்,
என் பக்கங்கள் கலைந்துபோகும் என்றார்.
எனக்குக் கோபம் வந்தது.
தின்னச் சோறிருப்பவன் பேச்சு என்று
எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.
பிறகு அவர் கொடுத்த கோப்பைத் திறந்து பார்த்தேன்.
உண்மைதான்.
ஒரு தாலாட்டின் கடைசி மெஷர் மட்டும்
அடுத்த பக்கத்தில் தனியாக நின்றது,
திருவாரூர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதுபோல.
தலைமடை வயலும் வயல்தான்.
அங்கே நின்றாலும் தண்ணீர் பயிரை அழுக்கும்.

ஆகவே,
பழைய கோப்பு பிறந்தபடியே திறக்கும்.
புதுக் கோப்பில் யாரும்
எதையும் கேட்டு வாங்க வேண்டாம்.
இந்த இரண்டு வரிக்கு
நாற்பத்தேழு சோதனைகள் எழுதினேன்,
ஐப்பசி மழையில், இன்வெர்ட்டர் கத்தக் கத்த.

தமிழில் இதை இயல்பிருப்பு என்கிறார்கள்.
கலைச்சொல் போட்டவர் யாரோ நல்ல மனிதர்,
கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்காதவர்.
எங்கள் பலகையில் இருப்பவர் எல்லாருக்கும்
இருப்பு பூஜ்யம்.

மார்கழியில் புது வெளியீடு வந்தது.
இருதயராஜிடமிருந்து போன் இல்லை.
தையிலும் இல்லை.
பொறுக்காமல் நானே அழைத்தேன்.
"சரியாயிடுச்சா?"
"எது மேடம்?"
"அந்த வட்டம்."
"அதுவா. எப்பப் போச்சுன்னே தெரியல.
பசங்கதான் அந்த இடத்துல
இன்னும் ஓ போடுறாங்க.
நல்லாத்தான் இருக்கு, விட்டுட்டேன்."

திங்கட்கிழமை புதுப் பட்டியல் வந்தது.
இருநூற்றுப் பதினாறு பெயர்.
பசையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம்
தண்ணீர் கூட ஊற்றினேன்.